தச்சன் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் படிக்க ஏற்ற சாகச நூல்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பட்டியலைப் படித்தேன். அண்டார்க்டிகாவில் பனிக்கட்டி நெரித்து உடைத்த 'எண்டூரன்ஸ்' கப்பலைப் பற்றி ஆல்ஃபிரட் லான்சிங் எழுதிய நூலும், தோர் ஹேயர்டாலின் 'கோன்-டிக்கி'யும் அதில் இருந்தன. இரண்டும் நல்ல தேர்வு. ஆனால் 'எண்டூரன்ஸ்' பற்றிய குறிப்பு முழுவதும் பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் தலைமைப் பண்பு, நெருக்கடியைக் கையாளும் திறன், நிர்வாகிகள் கற்கவேண்டிய பாடம் என்றே போய்விட்டது. ஒரே ஓர் இடத்தில், "கப்பலின் தச்சர் ஒருவர் படகைச் சீர்செய்து கொடுத்தார்" என்று இருந்தது. அந்த 'ஒருவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் மரவேலைப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா குளச்சல் கடற்கரையில் வள்ளம் கட்டிய ஓடாவி. சாகச நூல் எதை எடுத்தாலும் என் கண் முதலில் மரத்தையும் அதைத் தொட்ட கையையும்தான் தேடும்.

அந்தத் தச்சரின் பெயர் ஹாரி மெக்னிஷ். ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் 1874இல் பிறந்தவர். லான்சிங் அவரை ஐம்பதைத் தாண்டிய முரட்டுக் கிழவராகவே காட்டுகிறார். பிறந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டால், கப்பல் புறப்பட்ட 1914இல் அவருக்கு வயது நாற்பதுதான். நூலில் எனக்கு உள்ள குறைகளில் இதுவும் ஒன்று. மற்றபடி, உயிர் பிழைத்தவர்களை நேரில் பார்த்துப் பேசியும், அவர்களுடைய நாட்குறிப்புகளை வரி வரியாகப் படித்தும் லான்சிங் 1959இல் வெளியிட்ட இந்நூல்போல, குளிரையும் பசியையும் உடம்பில் உணரவைக்கும் வேறொன்றை நான் படித்ததில்லை.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 28 பேரோடு போன கப்பல் 1915 ஜனவரியில் வெட்டல் கடலின் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. அக்டோபர் 27 அன்று அதைக் கைவிட்டு எல்லோரும் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21 அன்று கப்பல் மூழ்கியது. மூன்று சிறு படகுகள் மிஞ்சின. இனிமேல் உயிர் அந்தப் படகுகளில்தான் என்று தெரிந்த நிலையில், மிதக்கும் பனிமேல் உட்கார்ந்து அவற்றின் பக்கங்களை உயர்த்திக் கட்டத் தொடங்கினார் மெக்னிஷ். கையில் இருந்தவை ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், ஓர் உளி, மரம் செதுக்கும் ஒரு வாய்ச்சி. ஆணி வேண்டுமென்றால் பழைய மரத்திலிருந்து பிடுங்கி நிமிர்த்த வேண்டும். பலகை வேண்டுமென்றால் உடைந்த கப்பலிலும் பெட்டிகளிலும் தேட வேண்டும். நீர் புகாதபடி விளக்குத் திரியை இணைப்புகளில் திணித்துக் கலப்பத்து அடித்தார். மேலே பூச, கூட வந்திருந்த ஓவியரின் எண்ணெய்ச் சாயங்களை எடுத்துக்கொண்டார். சீல் ரத்தமும் பயன்பட்டது. நல்ல வெயிலில், நிழலில் உட்கார்ந்து, வேண்டிய பஞ்சும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கும்போதே கலப்பத்து வேலை விரலை வாங்கிவிடும். உறைபனியில் கையுறையோடு உளி பிடிக்க முடியாது. கையுறை இல்லாமல் இரும்பைத் தொடவும் முடியாது. இந்த இடத்தை லான்சிங் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார். மரவேலை தெரிந்த எவரும் அந்தப் பத்தியைத் தாண்டிச் சட்டென்று போய்விட முடியாது.

பிறகு அந்தப் படகுகளில் எலிஃபண்ட் தீவு போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து உதவி தேடி 'ஜேம்ஸ் கேர்ட்' என்ற 22.5 அடிப் படகில், உலகத்தின் மிக மோசமான கடலைக் கடக்க ஆறு பேர் கிளம்பினார்கள். திறந்த படகு அது. மேல்தளம் இல்லாமல் போனால் முதல் பெரிய அலையிலேயே நிறைந்துவிடும். சறுக்குவண்டிச் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே போட்டு, விறைத்துக் கிடந்த கித்தான் துணியை நெருப்பில் காட்டி இளக்கித் தைத்து மேலே இழுத்துக் கட்டினார்கள். இன்னொரு படகின் பாய்மரத்தை எடுத்து, நடு முதுகு முறிந்துவிடாதபடி ஏராவோடு (படகின் அடிமரத்தோடு) சேர்த்து உள்ளே நீளவாக்கில் பிணைத்தார் மெக்னிஷ். எனக்கு இதைப் படித்ததும் நெஞ்சு நிறைந்தது. அலைமேல் ஏறும்போது நடுப்பாகத்தை அலை தாங்க, அணியம் என்னும் முன்புறமும் பின்புறமும் தொங்கும் என்று முன்கூட்டியே பார்த்திருக்கிறார். அந்தக் கண் அளவுகோலில் கிடைக்காது.

1916 ஏப்ரல் 24 அன்று கிளம்பி மே 10 அன்று தெற்கு ஜார்ஜியா தீவில் கரையேறினார்கள். ஏறத்தாழ 800 கடல் மைல். வழியில் கித்தான் தளத்தின்மேல் பனி உறைந்து உறைந்து படகே கவிழும் அளவுக்குப் பாரம் ஏறியது. ஒவ்வொருவராக ஊர்ந்துபோய் அதை வெட்டித் தள்ளினார்கள். அந்தத் தளம் கடைசிவரை தாங்கியது. கப்பலின் கேப்டன் ஃபிராங்க் வோர்ஸ்லி சூரியனைப் பார்த்துத் திசை கணித்த திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழத்தான் வேண்டும். ஆனால் கணக்கு சரியாக இருந்து பலகை விலகியிருந்தால் அந்தக் கணக்கைச் சொல்லவும் ஆள் இருந்திருக்காது.

கரையேறிய பிறகும் தச்சர் வேலை முடியவில்லை. திமிங்கில வேட்டை நிலையம் தீவின் மறுபக்கம். நடுவே யாரும் தாண்டியிராத பனிமலைகள். ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் கிளம்பியபோது, படகிலிருந்து பித்தளைத் திருகாணிகளைக் கழற்றி அவர்களுடைய காலணி அடியில் முடுக்கிக் கொடுத்தார் மெக்னிஷ், வழுக்காமல் இருக்க. பனியில் படி வெட்ட அவர்கள் கொண்டுபோனது மலையேறும் கோடாரி அல்ல, தச்சரின் வாய்ச்சி! மே 20 அன்று மூவரும் ஸ்ட்ரோம்னெஸ் போய்ச் சேர்ந்தார்கள். எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று மீட்கப்பட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

இப்படிப்பட்டவருக்குத் துருவப் பதக்கம் கொடுக்கப்படவில்லை. மற்ற பெரும்பாலோருக்கும் கிடைத்தது. பட்டியலிலிருந்து விடப்பட்ட நால்வரில் மெக்னிஷும் ஒருவர். காரணம், 1915 டிசம்பரில் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு போகும்போது, கப்பலே போய்விட்டது, இனி ஒப்பந்தமும் இல்லை என்று அவர் எதிர்த்து நின்றது. எதிர்த்தது உண்மை. தலைவன் பேச்சை அந்த நேரத்தில் மீறுவது எல்லோர் உயிருக்கும் ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் அவர் கோபத்துக்கு வேர் உண்டு. உடைந்த கப்பலின் மரத்தைக்கொண்டே சிறிய பாய்க்கப்பல் ஒன்று கட்டித்தருகிறேன் என்று அவர் சொன்னது ஏற்கப்படவில்லை. கூர்முனைப் பாறைபோல எழும்பி நிற்கும் பனிமேல் படகுகளை இழுத்தால் அடிப்பலகை கிழியும் என்று தச்சருக்குத் தெரியாதா? அதற்கும் முன்பு, அவர் வளர்த்த பூனையைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். உணவும் பாரமும் கருதி ஷாக்கிள்டன் எடுத்த முடிவு அது. அந்த நிலையில் வேறு வழி இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "தாத்தா, அந்தப் பூனை என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். வெகுநேரம் அவள் பேசவில்லை.

பயணத்தில் மருத்துவராக இருந்த மாக்லின், தச்சருக்குப் பதக்கம் மறுத்தது பெரும் அநீதி என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். மெக்னிஷ் 1930இல் நியூசிலாந்தின் வெல்லிங்டனில், ஆதரவற்றோர் இல்லத்தில் இருந்த நிலையில் இறந்தார். கரோரி கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 1959 வரை கல்கூட இல்லை. நியூசிலாந்து அண்டார்க்டிக் சங்கத்தார் கல் நட்டார்கள். 2004இல் அதன்மேல் அந்தப் பூனையின் வெண்கலச் சிலையையும் வைத்தார்கள். அவர் செப்பனிட்ட ஜேம்ஸ் கேர்ட் படகு லண்டனில், ஷாக்கிள்டன் படித்த டல்லிச் கல்லூரியில் காட்சிக்கு இருக்கிறது.

நிர்வாகிகள் ஷாக்கிள்டனிடம் கற்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தக் கையால் தன் உயிர் பிழைத்ததோ அந்தக் கைக்குரியவன் பெயரைப் பட்டியலிலிருந்து விட்டதையும் சேர்த்துக் கற்கட்டும்.

கப்பலைப் பற்றியும் ஒரு சொல். நார்வேயில் கட்டிய மரக்கப்பல்களில் 'ஃபிராம்' என்ற துருவக் கப்பல் நீங்கலாக இதுவே மிக உறுதியானது என்ற தொனியில் லான்சிங் எழுதுகிறார். ஏராவில் ஓக் மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 7 அடிக்கு மேல் கனம், பக்கச் சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிவரை என்று அளவுகளைப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பனி அடியிலிருந்து இடிப்பதில்லை, இரு பக்கமும் நெருக்குகிறது. அந்த நெருக்கத்தைத் தாங்குவது ஏராவின் கனம் அல்ல, குறுக்கே கிடக்கும் உத்தரங்களும் மூலைவிட்டச் சட்டங்களும். ஃபிராமை வடிவமைத்த காலின் ஆர்ச்சர், பனி நெருக்கினால் கப்பல் நழுவி மேலே எழும்படி அடிப்பாகத்தை உருட்சியாகச் செய்தார். எண்டூரன்ஸுக்கு அந்த உருட்சியும் இல்லை. ஃபின்லாந்து ஆய்வாளர் யுக்கா துக்குரி 2025இல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்து மற்ற துருவக் கப்பல்களைவிட இதன் உத்தரங்களும் வங்குகளும் (விலாச் சட்டங்களும்) வலுக்குறைந்தவை, எந்திர அறை நீளமாக இருந்ததால் உடற்பகுதி மேலும் பலவீனப்பட்டது, மூலைவிட்டச் சட்டங்களும் இல்லை என்று காட்டியது. ஷாக்கிள்டனுக்கு இது தெரிந்தே இருந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. நூலைப் புதிதாகப் பதிப்பிப்பவர்கள் இதையும் முன்னுரையில் சேர்க்க வேண்டும். 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் அக்கப்பலைக் கண்டுபிடித்தபோது, பின்புறத்தில் பெயர் எழுத்துகள்கூட அழியாமல் இருந்தன. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அந்தக் கடலில் இல்லாததே காரணம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிப் பூசியும் புழுவுக்குப் பாதி மரத்தைப் பறிகொடுக்கும் எங்கள் கரைக்காரர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

'கோன்-டிக்கி' பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1947 ஏப்ரல் 28 அன்று பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த தெப்பத்தில் ஆறு பேர் கிளம்பி, 101 நாட்களில் பசிபிக்கைக் கடந்து ரரோயியா பவளத்திட்டில் மோதினார்கள். ஓர் ஆணி கிடையாது. மரங்கள் உரசி உரசிக் கயிறு சில வாரங்களில் அறுந்துவிடும் என்று அறிந்தவர்கள் எச்சரித்தார்கள். நடந்தது வேறு. பால்சா மிக மென்மையானதால் கயிறு மரத்துக்குள் பதிந்துகொண்டது. மரமே கயிற்றுக்குக் கவசமாகிவிட்டது. பச்சை மரமாக வெட்டி இறக்கியதால் உள்ளே இருந்த பால் கடல்நீரைத் தடுத்தது. ஹேயர்டால் யாருக்கும் தெரியாமல் ஊறிப்போன ஒரு துண்டைப் பிய்த்துக் கடலில் போட்டு, அது மூழ்குவதைப் பார்த்துக் கலங்கும் இடம் நூலின் சிறந்த பக்கம். கட்டுமரம் கட்டிய எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டிருப்பார்கள். ஆணி அடித்த மரம் அலையோடு மல்லுக்கு நிற்கும், கயிற்றில் கட்டிய மரம் அலைக்கு இசைந்து கொடுக்கும்.

நூலின் குறை அதன் கொள்கை. பாலினேசியத் தீவுகளில் தென்னமெரிக்காவிலிருந்து போனவர்களே முதலில் குடியேறினார்கள் என்ற அவருடைய வாதத்தை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. இரு தரப்புக்கும் எப்போதோ தொடர்பு இருந்திருக்கிறது என்பதற்கு மரபணுச் சான்று இப்போது உண்டு. ஆனால் அத்தீவுகளின் மக்கள் ஆசியப் பக்கத்திலிருந்து, காற்றை எதிர்த்தும் கலம் செலுத்திப் போனவர்கள். அதற்குரிய கடலறிவு அவர்களிடம் இருந்ததென்று ஹேயர்டால் நம்பவில்லை. 1976இல் சதவால் தீவைச் சேர்ந்த மாவு பியாய்லுக், திசைகாட்டிக் கருவி எதுவும் இல்லாமல் விண்மீனையும் அலையையும் பார்த்தே 'ஹோகுலேயா' என்ற இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கோன்-டிக்கியைப் பரிந்துரைக்கும்போது அவர் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

தங்கள் பட்டியலில் இல்லாத, கட்டாயம் இருந்திருக்க வேண்டிய நூல் டிம் செவெரின் எழுதிய 'சிந்துபாத் பயணம்'. ஆங்கிலத்தில் 1982இல் வந்தது. சிந்துபாத் கதைகளில் வருவதுபோன்ற பழைய அரபுக் கப்பலை அதே முறையில் கட்டி, மஸ்கட்டிலிருந்து சீனாவின் காண்டன் வரை போக முடியுமா என்று பார்த்தவர் அவர். 'சோகார்' என்ற அந்தக் கப்பல் ஓமானின் சூர் ஊரில் 1980இல் உருவானது. மரம் மலபாரிலிருந்து போனது, அதுவும் அயனி! வீட்டுக் கதவு முதல் வள்ளம் வரை எங்கள் மாவட்டத்தில் நாங்கள் அறுத்து இழைத்து வளர்ந்த அதே அயனி. தைக்கும் கயிறு தேங்காய்நார்க் கயிறு. தைக்கத் தெரிந்தவர்கள் லட்சத்தீவின் அகத்தியிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான துளைகளைப் பலகை விளிம்பில் போட்டு, இடையில் நாரைத் திணித்து, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து கயிற்றை முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். முதலில் பலகைகளைத் தைத்து உருவம் வரும், அதற்குப் பிறகுதான் உள்ளே வங்கு வைப்பார்கள். எங்கள் கரைமடி வள்ளங்களும் அப்படித்தான் பிறந்தன.

செவெரினிடம் நான் மதிப்பது ஒன்று. கப்பல் கடலில் இறங்குவதற்கு முந்தைய பக்கங்களை அவர் அவசரமாக ஓட்டவில்லை. மரம் தேடி அலைந்தது, கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு அடித்துக் கையால் திரித்த கயிறுதான் நிற்கும் என்று தெரிந்துகொண்டது, தச்சர்களுக்கும் தைப்பவர்களுக்கும் முன்னால் மாணவன்போல நின்றது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். நடு இந்தியப் பெருங்கடலில் காற்று செத்து வாரக்கணக்கில் கிடந்த பகுதி விறுவிறுப்பானது, ஆனால் நான் திரும்பப் படிப்பது சூர் கடற்கரைப் பக்கங்களைத்தான். 1981 ஜூலையில் கப்பல் சீனாவைச் சேர்ந்தது. இன்று மஸ்கட்டில் சாலைச் சந்திப்பு ஒன்றில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மகன் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறான், அது என்னவென்று தெரியாமலே. குமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா போன பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கப்பல் நம் மேற்குக் கரை மரத்திலும் கயிற்றிலும் நிற்கிறது என்று?

மலையேற்ற நூல்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. ஆனால் டென்சிங் நார்கேயின் தன்வரலாறு விதிவிலக்கு. எழுதத் தெரியாத அவர் சொல்லச் சொல்ல ஜேம்ஸ் ராம்ஸே உல்மன் எழுதி 1955இல் வந்தது. சுமை தூக்கியவர் தானே வாய்திறந்து பேசும் நூல். எவரெஸ்ட் உச்சியில் மகள் கொடுத்தனுப்பிய பென்சிலைப் பனியில் புதைத்ததை அவர் சொல்லும் விதம், வெற்றியைப் பற்றிய எந்த முழக்கத்தைவிடவும் என்னைத் தொட்டது. அதையும் பிள்ளைகள் பட்டியலில் சேருங்கள்.

என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த இணைப்பில் ஒரு சிறு திருத்தமாகவாவது ஹாரி மெக்னிஷ் பெயரை அச்சிடுங்கள். மற்றொன்று, குளச்சல் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை உள்ள கரையில், தைத்த வள்ளமும் மர வள்ளமும் கட்டிய ஓடாவிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஃபைபர் படகு வந்தபிறகு அவர்கள் கொட்டகைகள் மூடிவிட்டன. அவர்கள் கட்டிக்கொடுத்த வள்ளங்களில் போய்ப் புயலில் சிக்கி மீண்டவர்களும் ஊரில் உண்டு. இந்தக் கதைகளை யாரும் எழுதவில்லை. தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, எந்த மரத்தை எந்த மாதம் வெட்டினார்கள், கயிறு எப்படி முறுக்கினார்கள், எந்தக் காற்றில் எந்த வள்ளம் தப்பியது என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தொடராக வெளியிடுங்கள். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள், பேச நேரமும் கிடைக்கும். வருபவர் முதலில் என்னைப் பார்த்தால் போதும், வீடு வீடாக நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.